வீட்டுக்காரங்க இருக்கக் கூடாது

"ஆள் வாற நேரம் நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இருக்கக் கூடாதுக்கா" என்று தரகர் அழகுமுத்து சொன்னதும் ஜீவராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனுக்காக நீட்டிய தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது.

"என்னாது? எங்க வீட்டுல நாங்க இருக்கக் கூடாதா?"

"கோவப்படாதீங்க. இப்ப அதுதான் மொற. அந்தப் பெரிய மழைக்கு அப்புறம் யாரும் சும்மா வந்து வீடு வாங்குறதில்ல. ஒரு இஞ்சினியர கூட்டிட்டு வாறாங்க. அவரு கூரையில ஏறுவாரு, செவர தட்டிப் பாப்பாரு, கக்கூஸ் குழி மூடிய தொறந்து பாப்பாரு. பக்கத்துல வீட்டுக்காரங்க நின்னா அவங்களுக்கு வாய் தொறந்து பேச முடியாது பாருங்க."

"சாமி ரூமையும் தொறப்பாங்களா?"

"தொறப்பாங்க. நீங்க எதையும் பூட்டி வச்சிட்டுப் போகக் கூடாது. சமைக்கவும் வேணாம், கருவாட்டு வாசம் அடிச்சா வாற டீச்சருக்கு ஒத்துக்காது, வாயும் வயிறுமா இருக்காங்க."

"அல்மாரிய?"

"அல்மாரிய தொறக்க மாட்டாங்க. ஆனா நகத்திப் பாப்பாங்க."

ஜீவராணியின் முகத்தில் ஈயாடவில்லை. கோப்பையை அவன் கையில் திணித்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். அங்கே கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் செல்லசாமியும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அல்மாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் தங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நோர்வூட் டவுனைத் தாண்டி, மெயின் ரோட்டை விட்டு மேலே ஏறினால் முதலில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் வரும். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் திண்ணை மாதிரி ஒரு நீட்டு இஸ்தோப்பு. லயத்துக்குப் பின்னால் பற்றைக்காடும் செங்குத்தான மண்ணும். அதற்கும் மேலே, தோட்டத்து எல்லை முடிகிற இடத்தில், ரோஸ் கலரில் நிற்கிறதே, அதுதான் ஜீவராணியின் வீடு. இரண்டு பேரும் கீழே அந்த லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். செல்லசாமி கொழும்பில் கொத்துரொட்டி போட்டும், இவள் மலையில் கொழுந்து பறித்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. வண்டி ஏறாத மேடு என்பதால் மணலையும் கல்லையும் லயத்து ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் சுமந்து ஏற்றிக் கொடுத்தார்கள். கூலி என்று யாரும் கை நீட்டவில்லை. ஆட்டுக் கறியும் சோறும் போட்டாள், சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த வீட்டை விற்க யாருக்கு மனது வரும்? செல்லசாமிக்குக் கிட்னி இரண்டும் போய்விட்டது. இரத்தம் சுத்திகரிக்கக் கண்டிக்குப் போக வேண்டும். விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஹட்டனில் மாறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டே போய், மிஷினில் படுத்து எழும்பி, அதே வளைவுகளில் திரும்பி வர வேண்டும். இறங்கும்போது மனிதன் துணி மூட்டை மாதிரி இவள் தோளில் தொங்குவான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இந்தக் கூத்து. "பக்கத்துல வந்து இருங்கம்மா. இல்லாட்டி ஒரு நாளைக்கு வழியிலேயே முடிஞ்சிரும்" என்று டாக்டர் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். வீடு விற்றால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இரண்டு அறை பார்க்கலாம். விற்காவிட்டால் பஸ்தான்.

அழகுமுத்து போனபிறகு செல்லசாமி மெல்ல வாயைத் திறந்தான்.

"ராணி, அத சொல்லிருவமா?"

"எத?"

"வெடிப்ப."

"சொல்லுங்க. சொல்லிட்டு நாளைக்கே பஸ் ஏறுங்க. யாரு வாங்குவா வெடிச்ச வீட்ட?"

"இல்ல... அந்த டீச்சரு புள்ளத்தாச்சியாமே."

"இந்த மலையில எந்த வீடுதாங்க வெடிக்கல? அவ்வளவு மழை பேஞ்சா செவரு வெடிக்கத்தான் செய்யும். சிமெந்து வச்சுப் பூசுனா சரியாப் போச்சு."

செல்லசாமி உப்பில்லாத ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தான். தண்ணீரும் அளந்துதான் குடிக்க வேண்டும் என்பதால் ரொட்டி தொண்டையில் இறங்க அவனுக்கு நெடுநேரம் எடுக்கும்.

ஜீவராணியைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். சோதிக்க வருகிறார்கள் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது அவளுக்குச் சிறு வயதிலேயே இரத்தத்தில் ஊறிய பாடம். அந்தக் காலத்தில் லயத்து இன்ஸ்பெக்ஷன் என்று ஒன்று நடக்கும். தொரையும் டாக்டரும் வருகிறார்கள் என்று வேலை மேய்க்கிற கண்டாக்கு வந்து சத்தம் போட்டுவிட்டுப் போவார். உடனே கோழிகளைக் கூடையில் போட்டு மூடுவார்கள். ஆட்டைத் தேயிலைக்குள் ஓட்டிக் கட்டுவார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேறு தோட்டத்திலிருந்து வந்து தங்கியிருக்கும் சொந்தக்காரர்களைப் பற்றைக்குள் போய் உட்காரச் சொல்வார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குச் சாணி. பிறகு எல்லோரும் இஸ்தோப்பில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியது. "கொறை ஏதும் இருக்கா?" என்று கண்டாக்கு கேட்பார். தலைக்கு மேலே கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். "ஒண்ணுமில்லீங்க" என்று லயம் முழுக்க ஒரே குரலில் சொல்லும். குறை சொன்னவன் பெயர் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் எந்தத் தொனியில் கூப்பிடப்படும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே ஜீவராணி பெயிண்ட் வாளி வாங்கி வந்தாள். மேசன் பாஸைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். அல்மாரியைத் தனியாக, அங்குலம் அங்குலமாக நகர்த்தினாள். மழைக்காலத்தில் வந்த வெடிப்பு அது. கூரையிலிருந்து தரை வரை கோணலாக இறங்கியிருந்தது. முன்னம் பூசியிருந்த சிமெந்தும் பொருக்குத் தட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, புதிதாகப் பூசி, காய்ந்ததும் அறை முழுக்க வெள்ளை அடித்தாள். முடித்துவிட்டுப் பார்த்தபோது அவளுக்கே வெடிப்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. மனது குளிர்ந்து போயிற்று.

அவர்கள் வருகிற நாளன்று காலையிலேயே பனி இறங்கி, தூறலும் பிடித்துக்கொண்டது. செல்லசாமியைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கூட்டிப்போய் தன் தம்பி ஜெயகாந்தனின் காம்பராவில் உட்கார வைத்தாள். தம்பி மலைக்கு வேலைக்குப் போயிருந்தான். அவன் மனைவி நாகலெட்சுமிதான், "அண்ணன நான் பாத்துக்கிறேன், நீங்க போயி ஆகவேண்டியத பாருங்க அண்ணி" என்று பலகையை இழுத்துப் போட்டாள். இவளும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். முறை அதுதான். ஆனால் கால் கேட்கவில்லையே. தன் வீட்டுக்குள் யாரோ நுழைந்து தன் சுவரைத் தட்டுவதை நினைக்க நினைக்க இருப்புக்கொள்ளவில்லை. திரும்பவும் மேட்டில் ஏறி, வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக் காய்க் கொடிப் பந்தலுக்குள் புகுந்து, ஜன்னலுக்குக் கீழே குந்திக்கொண்டாள். அந்தக் காலத்தில் பற்றைக்குள் ஒளிந்த சொந்தக்காரர்களைப் போல, சொந்த வீட்டுத் தோட்டத்திலேயே ஒளிந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் அழகுமுத்துவின் குரல். பிறகு ஒரு பெண்ணின் குரல், யூஜினா டீச்சர். கூட வந்த இஞ்சினியர் அலோசியஸ் என்பவர், ஹட்டன்காரர், ரோட்டு வேலை இலாகாவில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவர் அதிகம் பேசவில்லை. டக், டக் என்று தட்டும் சத்தம் மட்டும் அறை அறையாக நகர்ந்து வந்தது. ஒவ்வொரு தட்டும் ஜீவராணிக்குத் தன் முதுகில் விழுவது போல இருந்தது.

"எவ்வளவு துப்புரவா வச்சிருக்காங்க பாருங்க சேர்" என்றாள் யூஜினா. "இந்த ரூம்புலதான் தொட்டில் போடணும். காலைல வெயில் வரும் போல."

"அந்த அல்மாரிய கொஞ்சம் நகத்துங்க தம்பி" என்றார் அலோசியஸ்.

அல்மாரி கிறீச்சென்று நகர்ந்தது. ஜீவராணி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மா, மாரியாயி, என் வெள்ளையை நீதான் காப்பாற்ற வேண்டும் என்று மனதுக்குள் கும்பிட்டாள். தட்டும் சத்தம் கேட்கவில்லை. தகரத்தில் தூறல் விழுவது மட்டும் கேட்டது.

"இது எப்ப அடிச்ச பெயிண்ட்?"

"தெரியல சேர். கிட்டடியிலதான் அடிச்சிருப்பாங்க" என்றான் அழகுமுத்து. "வீட்ட காட்டுறதுக்குன்னு..."

"வாசமே இன்னும் போகல. இங்க பாருங்க டீச்சர், தலமயிர் கணக்கா மேல இருந்து கீழ ஓடுதே."

"வெடிப்பா சேர்?"

"வெடிப்புதான்."

ஜீவராணிக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பந்தலைப் பிய்த்துக்கொண்டு எழும்பினாள். தலையில் போஞ்சிக் கொடி, முழங்கால் வரை சேறு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"ஐயோ சேர், அது பழைய வெடிப்புங்க! எப்பவோ வந்தது! நான்தான் பூசுனேன், ஒண்ணும் ஆகாதுங்க!"

யூஜினா "இயேசுவே" என்று அலறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அழகுமுத்து நெற்றியில் அடித்துக்கொண்டான். தான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது ஜீவராணிக்கு அப்போதுதான் உறைத்தது. மறைக்க வந்தவள், தன் வாயாலேயே அம்பலமாக்கிவிட்டாள்.

அலோசியஸ் மட்டும் அசையவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"என்னைக்கு பெயிண்ட் அடிச்சீங்க தங்கச்சி?"

"முந்தாநேத்துங்க."

"பழைய வெடிப்புன்னா அது பெயிண்டுக்கு கீழ இருக்கணும். இது உங்க பெயிண்டயே கிழிச்சிருக்கு."

அவளுக்கு விளங்கவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அவள் கையால் இழுத்து இழுத்து அடித்த வெள்ளையின் மேல் ஒரு கறுப்புக் கோடு. நேற்று விளக்கு வைக்கும் நேரம் அல்மாரியைத் திரும்பத் தள்ளி வைத்தபோதுகூட இல்லாத கோடு.

"அப்படின்னா?"

"அப்படின்னா செவருல ஒரு கொறையும் இல்லம்மா. கீழ இருக்குற மண்ணு நடக்குது. முந்தாநேத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் நடந்திருக்கு. இப்பவும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கும்."

அவர் வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்தார். குடைக் கம்பியால் புல்லை விலக்கிக் காட்டினார். போஞ்சிப் பந்தலுக்குப் பின்னால், இவ்வளவு நேரமும் அவள் குந்தியிருந்த இடத்துக்கு இரண்டு எட்டுத் தள்ளி, தரையில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. தூறல் தண்ணீர் அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவராணி அதன் பக்கத்தில் குந்திப் பார்த்தாள். இந்த மண்ணில்தானே தினமும் கொத்தி நட்டுத் தண்ணீர் ஊற்றினேன், என் கண்ணை யார் கட்டினார்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பார்த்தும் பார்க்காமல் இருந்துவிட்டோம் என்பதை ஒத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

"இன்னைக்கே எறங்கிருங்க" என்றார் அலோசியஸ். "சாமான் சட்டின்னு பாக்காதீங்க. இந்தத் தண்ணி எங்க போயி வெளிய வருது?"

"கீழதாங்க."

"கீழ என்னா இருக்கு?"

"லயம்."

அந்த மனிதரின் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அதுவரை அவள் வீடு போச்சே, கண்டி போச்சே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் இருக்கா அதுல?"

"இருக்காங்க சேர்" என்றான் அழகுமுத்து.

"போயி எல்லாரையும் வெளிய எடுங்க. கோயிலுக்கோ ஸ்கூலுக்கோ போகச் சொல்லுங்க. நான் கிராம சேவகருக்கும் தோட்டத்து ஆபிசுக்கும் போன் பண்ணுறேன். எனக்கு இந்தச் சரிவுல எறங்க முழங்கால் விடாது. போங்க, போங்க."

அவள் திரும்பும்போது யூஜினா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கோபமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அந்தப் பெண் திட்டவில்லை.

"ஆன்ட்டி, நாங்க வந்திருப்போமே" என்றாள். "அந்த ரூம்புலதானே படுத்திருப்போம்."

ஜீவராணி கையெடுத்துக் கும்பிட்டாள். வேறு என்ன செய்ய? கும்பிட்ட கையோடு சரிவில் இறங்கி ஓடினாள். செருப்பு எங்கோ சேற்றில் மாட்டிக்கொண்டது.

நாகலெட்சுமி அடுப்படியில் தேங்காய் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். செல்லசாமி பலகையில் உட்கார்ந்து நெருப்புக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான். மூச்சிரைக்க உள்ளே வந்தவள், "எழும்புங்க, வெளிய வாங்க, நாகு, எல்லாரையும் கூப்புடு, மேல மண்ணு..." என்று சொல்லி முடிப்பதற்குள் நாகலெட்சுமி ரொட்டிக் கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் திடுக்கிடல் இல்லை.

"பாத்துட்டாங்களா அண்ணி?"

"எத?"

நாகலெட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எதன்னு கேக்குறேன்டி. ஒனக்கு என்னா தெரியும்?"

அவள் எழுந்து பின்பக்கத்து அறைக்குப் போனாள். சுவரை மறைத்துப் பாய்கள் தொங்கின. ஒன்றை விலக்கினாள். கருங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழங்காலத்துச் சுவர், மூட்டை மாதிரி உள்ளே பிதுங்கிக்கொண்டிருந்தது. கல்லிடுக்கில் சிவப்புத் தண்ணீர் கசிந்து, தரையில் வைத்திருந்த பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த செல்லசாமி, "எப்ப இருந்து தங்கச்சி?" என்று காற்றாகக் கேட்டான்.

"சித்திரைக்கு அப்புறந்தான் அண்ணே. மொதல்ல தண்ணி வந்துச்சு. அப்புறம் கல்லு தள்ளிருச்சு."

"ஏன்டி சொல்லல?" ஜீவராணி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏன்டி எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"எப்படி அண்ணி சொல்லுறது? தோட்டத்துல சொன்னா ஒடனே ஆபிசர்மார் வந்து மேல கீழ எல்லாம் அளந்து, ஆள் இருக்கக் கூடாதுன்னு செவப்பு போர்டு போட்டுட்டுப் போவாங்க. அப்புறம் ஒங்க வீட்ட எந்த மனுசன் வாங்குவான்? அண்ணன் பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டுப் போறத நாங்க தெனம் பாக்குறோமே. வித்துட்டு கண்டிக்குப் போகட்டும், அப்புறம் சொல்லுவோம்னு, ஒங்க வீட்டு வெடிப்பையும் பாத்துட்டு, ஒங்க தம்பிதான் சொன்னாரு. எல்லாரும் சரின்னுட்டாங்க."

"எல்லாருமா?"

"வீடு பாக்க ஆள் வந்தா ஒருத்தரும் வாய் தொறக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம். போன கெழம ராகலையில இருந்து ஒருத்தர் வந்து விசாரிச்சாரு. மண்ணு எப்படின்னு கேட்டாரு. ஒண்ணுமில்லீங்க, கல்லு மாதிரி மண்ணுங்கன்னு சொல்லி அனுப்புனோம்."

ஜீவராணி அந்தப் பிதுங்கிய சுவரைப் பார்த்தாள். அதற்குக் கீழே பிள்ளைகளின் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது.

"புள்ளைங்க? புள்ளைங்கள இங்கயா படுக்க வச்ச?"

"சேச்சே, இங்க படுக்க வைப்பனா? இஸ்தோப்புலதான்."

"இந்தக் குளிருலயா?"

"சாக்கப் போட்டு மூடித்தான் வச்சிருக்கேன். சின்னவளுக்குத்தான் சளி விடுதில்ல. எல்லாக் காம்பராவுலயும் புள்ளைங்க இஸ்தோப்புலதான் அண்ணி. ஒரு காம்பராவுல மட்டுமா தண்ணி வருது?"

இதைக் குறையாகச் சொல்லவில்லை அவள். செய்தியாகத்தான் சொன்னாள். செல்லசாமி அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். மிஷின் ஊசி ஏறி ஏறிப் புடைத்த கை நனைந்தது. "எனக்காகவா? இந்த ஒடஞ்ச ஒடம்புக்காகவா?" என்று அவன் அழுத சத்தம் பாயில் மோதி அடங்கியது. ஜீவராணிக்கு அழுகை வரவில்லை. உள்ளே ஏதோ அறுந்து விழுந்தது போல இருந்தது. ஒரு வெடிப்பை மறைத்து ஊரை ஏமாற்றிவிட்டோம் என்று இத்தனை நாளாக நினைத்திருந்தாள். ஊரோ அவளுக்காகத் தன் பிள்ளைகளைப் பனியில் படுக்கப் போட்டு மறைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எழும்புங்க" என்று புருஷனின் கையைப் பிடித்துத் தூக்கினாள். "நாகு, அண்ணன கோயிலுக்கு கூட்டிட்டுப் போ. போற வழியில ஆள் அனுப்பி மலையில இருக்குறவங்கள கூப்புடு. ஒண்ணும் எடுக்காத. ரொட்டியும் வேணாம்."

"அப்ப வீடு, அண்ணி?"

"போ!"

தூறல் பலத்துவிட்டது. ஜீவராணி இஸ்தோப்பில் ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். முதல் கதவைத் திறந்தவளிடம், "மேல எங்க வீட்டுச் செவரு வெடிச்சிருக்கு. மண்ணு நடக்குதாம். நான் மறச்சிட்டேன். புள்ளைங்கள தூக்கிட்டு வெளிய வாங்க" என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

"தெரியும்க்கா" என்றாள் அவள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

அடுத்த கதவு. "எங்க வீட்டுச் செவரு வெடிச்சிருக்கு..."

"தெரியும் ராணி."

அதற்கடுத்த கதவு. "தெரியுமுங்க."

கதவுக்குக் கதவு அதையேதான் சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, முணுமுணுக்காமல் இறங்கினார்கள். கடைசிக் காம்பராவில் இருந்தவள் அவளோடு ஒன்றாகக் கொழுந்து பறித்த யோகேஸ்வரி. காய்ச்சலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு படியில் நின்றாள். ஜீவராணி வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"தெரியும்டி, தெரியும். இந்தா எறங்குறேன்" என்றவள், ஜீவராணியின் தலையில் ஒட்டியிருந்த போஞ்சி இலையை எடுத்துப் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அது இருக்கட்டும், வந்தவங்களுக்கு வீடு புடிச்சிருச்சா?"